அக்காவின் இடது குதிகால்

அத்தியாயம் பதினான்கு

ரேகாவிடமிருந்து போன் வந்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். போனை வைத்ததும் ஜோதிலட்சுமி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. விற்காமல் கிடந்த மீனின் மேல் ஈரச்சாக்கைப் போட்டு மூடினாள். பக்கத்தில் உட்கார்ந்து விற்கிற தங்கம்மாளிடம் "பாத்துக்க" என்றாள். முதுநகர் மார்க்கெட்டிலிருந்து நேரே போய்ச் சிதம்பரம் பஸ்ஸில் ஏறிவிட்டாள். கையைக்கூடச் சரியாகக் கழுவவில்லை.

ஆனித் திருமஞ்சனத்துக்குப் போகிற கூட்டத்தால் பஸ் பிதுங்கியது. பக்கத்து சீட்டுப் பட்டுப்புடவை, மீன் வாடை பொறுக்காமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டது. மற்ற நாளாக இருந்தால் ஜோதிலட்சுமி அந்தப் புடவையை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். "திங்கும்போது மட்டும் மணக்குதா?" என்று ஆரம்பிக்கிற சண்டை ஆலப்பாக்கம் வரைக்கும் ஓடியிருக்கும். இன்றைக்கு அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசாமல் வந்தாள்.

ரேகாவின் குரல் காதிலேயே இருந்தது.

"ஒங்க தம்பி ஆபரேசன் வேணாங்கறாரு. இன்னிக்கி உட்டா அந்த டாக்டரு மெட்ராஸ்லேர்ந்து மறுபடியும் எப்ப வருவாருன்னு தெரியாது. நான் சொன்னா கேக்கல. நீங்க வந்து சொல்லிட்டுப் போங்க."

வாங்க என்று மட்டும் சொல்லியிருக்கலாம். போங்க என்பதையும் கையோடு சேர்த்துச் சொல்லி வைத்தாள். பல வருடங்களுக்குப் பிறகு தம்பி பெண்டாட்டி அவளோடு பேசிய முதல் பேச்சு அது.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. மணிவண்ணன் தாழங்குடாவில் சொந்தமாக பைபர் போட் வைத்துக் கடலுக்குப் போகிறவன். அவனுக்கு நெஞ்சுக்கூட்டுக்குள், முதுகுத்தண்டை ஒட்டி, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. விலா எலும்புக்கு அடியில் ஓடுகிற நரம்பில் முளைத்தது. இன்னும் வளர்ந்து தண்டுவடத்தை நெரித்தால் கால் இரண்டும் விழுந்துவிடும் என்று பயமுறுத்தி, கடலூர் டாக்டர்கள் சிதம்பரத்துக்கு அனுப்பினார்கள்.

இவ்வளவும் ஊருக்கே தெரியும். தெரியாத ஒன்று இருக்கிறது. அது அக்காவுக்கும் தம்பிக்கும் மட்டும்தான் தெரியும். பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு ஜோதிலட்சுமி அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள்.

ஜோதிலட்சுமி கால் முன்னே வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கு விடும், மூச்சுப்பிடிப்பு போகும் என்பது ஊர் நம்பிக்கை. வலை இழுத்து முதுகு பிடித்துக்கொண்டவர்கள் அவளைத் தேடி வந்து குப்புறப் படுத்துக்கொள்வார்கள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, இடது குதிகாலால் இடுப்பிலிருந்து தோள்பட்டை வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திக்கொண்டே போவாள். எழுந்து போகிறவர்கள் "சொகமா இருக்கு" என்பார்கள். பிரதிபலனாக எதையும் வாங்கக் கூடாது. வாங்கினால் கால் பலிக்காதாம்.

முதன்முதலாக அவள் மிதித்தது மணிவண்ணனைத்தான். கரைவலை இழுக்கிற கூட்டத்தில் வீம்புக்குப் போய்க் கயிற்றைப் பிடித்து, முதுகைப் பிடித்துக்கொண்டு விழுந்து கிடந்தான். மீசைகூட முளைக்காத வயசு. அப்பா பக்கிரி, "ஏறு ஜோதி, பயப்படாத" என்றார். அவளுக்கு நடுக்கம். எலும்பு உடைந்துவிட்டால்? காலை வைத்ததும் அவன் கிச்சுக்கிச்சு மூட்டியதுபோல் சிரித்தான். அப்பா அந்தப் பக்கம் நகர்ந்ததும், மணலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டே சொன்னான்:

"யக்கா, நான் இனிமே இஸ்கூலுக்குப் போவல. அப்பாகிட்ட நீ சொல்லு."

முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராதவன் மணிவண்ணன். மணலைப் பார்த்தால் எல்லாம் பேசுவான். அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம். பரீட்சை எழுதாமல் ஏமாற்றியது, திருட்டுத்தனமாகச் சினிமாவுக்குப் போனது, கடலில் திசை தெரியாமல் நின்று அழுதது எல்லாம் அந்தக் குதிகாலுக்கு அடியில் கிடந்து சொன்னவைதான். அவளும் கேட்டுக்கொண்டே மிதிப்பாள். திட்ட வேண்டியிருந்தால் கொஞ்சம் கூடுதலாக அழுத்துவாள். அவ்வளவுதான் திட்டு. அந்தக் காலம் எவ்வளவு நன்றாக இருந்தது!

சுனாமிக்குப் பிறகு குடியிருப்பு வீடு கிடைத்தது. சுவரோடு சுவர் ஒட்டிய காங்கிரீட் வீடுகள். தும்மினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். ஒரு நாள் தம்பி வீட்டு நடையில் அவனைப் படுக்க வைத்து மிதித்துக்கொண்டிருந்தாள். ரேகாவின் தாய்வீட்டார் அன்னங்கோயிலிலிருந்து வந்திருந்தார்கள். அவர்களில் யாரோ வாயைப் பொத்திச் சிரித்திருக்கிறார்கள். ரேகாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"கல்யாண வயசுல பொண்ண வெச்சிக்கினு, ஆம்பள முதுகுல ஏறி நிக்கிறது நல்லாவா கீது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

ஜோதிலட்சுமி காலை எடுத்தாள். செருப்பைப் போட்டாள். அதோடு அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

"வலி வுட்டுப் போச்சி, இனிமே வேணாம்" என்று மணிவண்ணன் பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டான். ஆனால் கடலுக்குப் போகாத நாளில், "வலை கிழிஞ்சி கெடக்கு, கொத்தித் தைக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுச் சிங்காரத்தோப்பில் இருக்கிற அக்கா வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்துக்கொள்வான். முதலில் மாதம் ஒருமுறை. பிறகு வாராவாரம். ராத்திரி வலியில் தூக்கம் இல்லை என்பான். இருமினால் விலாவில் சுற்றிக்கொண்டு மின்னல் போல ஓடுகிறது என்பான்.

வலி கூடிக்கொண்டே போனது ஜோதிலட்சுமிக்குத் தெரியும். தெரிந்தும், வாராவாரம் தம்பி வருகிறான் என்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் இப்போது பஸ்ஸில் அவளைக் கேள்வி கேட்டது. மிதித்து மிதித்து நான்தான் அந்தக் கட்டியை வரவழைத்தேனோ?

* * *

ஆஸ்பத்திரியில் ரேகா வராந்தாவிலேயே நின்றிருந்தாள். தலை வாரவில்லை. மூக்குத்தி இருந்த இடத்தில் வேப்பங்குச்சி. நகையெல்லாம் கழற்றிவிட்டாளோ, அல்லது எதற்காவது போய்விட்டதோ. கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்று ஜோதிலட்சுமி வாயை மூடிக்கொண்டாள்.

"எங்க இருக்கான்?"

"உள்ள. லுங்கிய மாத்தினு வூட்டுக்குக் கெளம்பறேங்கறாரு."

"ஏன், இன்னா ஆச்சி?"

"காலைல பக்கத்துக் கட்டில் ஆளு சட்டையத் தூக்கித் தழும்பக் காட்டிச்சி. மாருல ஆரம்பிச்சி முதுகு வரைக்கும் கிழிச்சித் தைச்சிருக்கு. அதப் பாத்ததுலேர்ந்து ஒரே புடி. வலை இழுக்க முடியாத ஒடம்பு எனக்கு எதுக்குங்கறாரு."

மணிவண்ணன் பச்சை அங்கியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். பின்பக்கம் நாடா கட்டுகிற அங்கி. முந்தின நாளிலிருந்து பட்டினி போட்டிருந்தார்கள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. அக்காவைப் பார்த்ததும் கல்யாண வீட்டில் பந்தி கிடைத்தவன்போல் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா யக்கா? நீயே சொல்லு. ஒரு மிதி மிதிச்சா சரியாப் போறதுக்கு நெஞ்ச அறுக்கறேங்கறாங்க."

ரேகா சட்டென்று அவனைப் பார்த்தாள். அவன் அவசரமாக, "அந்தக் காலத்துல மிதிப்பியே, அதச் சொன்னேன்" என்று சேர்த்துக்கொண்டான்.

எத்தனை புயலில் போட்டை ஓட்டியவன்! பெண்டாட்டி முறைத்தால் மட்டும் துடுப்பு நழுவிவிடும்.

நர்ஸ் வந்து மூவரையும் டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் விஜயகுமார் சின்ன வயசுக்காரர். சென்னையிலிருந்து வந்து போகிறவர். வெளிச்சப் பெட்டியில் ஸ்கேன் படத்தை மாட்டி வைத்திருந்தார். முதுகெலும்பு மணி மணியாகத் தெரிந்தது. அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, வெள்ளையாக, உருண்டையாக ஒன்று.

"இதுதான் கட்டி" என்றார். "பயப்படற அளவுக்கு மோசமா தெரியல. ஊசி போட்டு எடுத்துப் பார்த்தோம், அதுலயும் கெட்டதா எதுவும் இல்ல. ஆனா ஊசி ஒரு மூலையைத்தான் பார்க்கும். எனக்கு இடிக்கறது ஒண்ணுதான். வலி வந்தே ரெண்டு மாசம்தான் ஆகுதுன்னு இவர் சொல்றார். அதுக்குள்ள ஒரு கட்டி இந்த அளவு வளர்ந்திருந்தா அதை நம்ப முடியாது. அதனாலதான் பக்கவாட்டுல நல்லாத் திறந்து, சுத்தி இருக்கறதையும் சேர்த்து எடுத்துடலாம்னு முடிவு பண்ணோம்."

"வேற மாதிரி எடுக்க முடியாதா சார்?" ரேகா கேட்டாள்.

"முடியும். மெதுவா, வருஷக்கணக்கா வளர்ந்த கட்டின்னா மூணு சின்ன ஓட்டை போதும். விலா எலும்புக்கு நடுவுல ஒண்ணுல கேமரா விட்டு, மத்த ரெண்டுல கருவி விட்டு எடுத்துடலாம். சதையை வெட்ட வேண்டியதில்ல. சீக்கிரமே வேலைக்குத் திரும்பிடலாம். இவர் விஷயத்துல அதை நம்பி இறங்க யோசனையா இருக்கு."



மணிவண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். ரெண்டு மாசம் என்று அவன் சொன்னது ரேகா பக்கத்தில் இருந்ததால். சொன்ன பொய் தன் நெஞ்சையே பிளக்கப் போகிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? மெல்லக் கண்ணை உயர்த்தி அக்காவைப் பார்த்தான். வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையை ஆட்டினான். சின்ன வயசில் பீடி குடித்து அவளிடம் மாட்டிக்கொண்டபோதும் இதே மாதிரிதான் ஆட்டினான். அன்றைக்கு அவள் காட்டிக்கொடுக்கவில்லை.

சொன்னால் ரேகா இனிமேல் ஜென்மத்துக்கும் பேசமாட்டாள். தம்பியைக்கூடத் தன் பக்கம் விடமாட்டாள். சொல்லாவிட்டால் அந்தப் பக்கத்துக் கட்டில்காரரின் தழும்பு இவன் உடம்பிலும் ஏறும். ஜோதிலட்சுமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ரெண்டு மாசம் இல்ல சார். சுனாமி வந்த மறு வருசத்துலேர்ந்து வலி இருக்கு."

"யக்கா."

"நீ சும்மா இரு. எனக்குத் தெரியும் சார். எங்கிட்டதான் வருவான். நான்தான் மிதிச்சி உடுவேன். மொதல்ல எப்பவாச்சும் வரும். அப்புறம் ஜாஸ்தியாச்சி. எடம் மாறவே இல்ல. எப்பவும் அதே எடம்தான்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவள் பக்கம் நன்றாகத் திரும்பிக்கொண்டார். இருமினால் வலிக்குமா, படுத்தால் கூடுமா, முன்பக்கம் சுற்றிக்கொண்டு வருமா, உடம்பு இளைத்ததா, கால் மரத்துப்போனது உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் தெரிந்ததைச் சொன்னாள். சிலதுக்கு மணிவண்ணனே முனகலாகப் பதில் சொன்னான். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது!

"முன்னாடியே சொல்லியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்" என்று டாக்டர் பெருமூச்சு விட்டார். "சரி. படமும் அப்படித்தான் சொல்லுது. எலும்பை அரிக்கல, மெதுவா ஒதுக்கித் தள்ளியிருக்கு. கேமரா விட்டே ஆரம்பிக்கலாம். உள்ள போனதுக்கப்புறம் சந்தேகமா இருந்தா மட்டும் திறக்கறோம். சம்மதமா?"

மணிவண்ணன் தலையைச் சொறிந்தான். "எலுமிச்சம்பழம் அளவுன்னு சொல்றீங்க. வெரல் நொழையற ஓட்டைல அது எப்பிடி சார் வெளிய வரும்?"

"மடிச்ச பை ஒண்ணை உள்ள விடுவோம். உள்ள போய் அது விரியும். கட்டியை அதுக்குள்ள போட்டு, வாயைச் சுருக்கி, கொஞ்சம் கொஞ்சமா வெளிய இழுத்துடுவோம்."

"அது சுருக்குமடி வலையாச்சே. கவர்மெண்ட்டு தடை பண்ணிருக்கு சார் அத."

டாக்டருக்குப் புரியவில்லை. ஜோதிலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, தம்பி சம்மதித்துவிட்டான். எழுந்து வெளியே வரும்போது, கேட்காமல் போனால் இனிமேல் தூக்கமே வராது என்று தோன்றியது.

"சார், நான் மிதிச்சதாலயா அது வந்தது?"

"இல்லம்மா. மிதிச்சும் வராது, மிதிச்சும் போகாது. வலிக்கு இதமா இருந்திருக்கும், அவ்வளவுதான்."

ஆறுதலாகச் சொன்னார். அவளுக்குப் பாதி ஆறுதல்தான் கிடைத்தது. இத்தனை வருடமும் தன் கால் தம்பிக்கு எதுவும் செய்யவில்லை என்பதும் அதில் இருந்ததே.

* * *

மணிவண்ணனை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது. வெளியே நீளமான சிமெண்டு பெஞ்சு. ஒரு கோடியில் ரேகா, மறு கோடியில் ஜோதிலட்சுமி. நடுவில் ஒரு குடும்பமே உட்காரலாம்.

கீழவீதிப் பக்கமிருந்து நாதஸ்வரச் சத்தம் காற்றில் வந்து வந்து போனது. ரேகா கட்டைவிரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து, சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"வாராவாரம் வலை கிழிஞ்சிது கிழிஞ்சிதுன்னு போவாரு. எந்த ஊர்ல வாராவாரம் வலை கிழியுது? நானும் நம்பிக்கினு சோத்தக் கட்டிக் குடுத்தேன்."

 அந்தச் சோற்றில் பாதியை ஜோதிலட்சுமியும்தான் தின்றிருக்கிறாள். ரேகா வைக்கிற கத்திரிக்காய் கருவாட்டுக் குழம்புக்கு ஈடே கிடையாது.

"என்னிய உடுங்க. ஒங்களுக்குத் தெரியுது இல்ல, வலி ஏறிக்கினே போவுதுன்னு. ஆஸ்பத்திரிக்குப் போடான்னு சொல்ல வேணாமா?"

"சொன்னேன்."

"எத்தினி வாட்டி?"

"ஒரு வாட்டி." ஜோதிலட்சுமி புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "ரெண்டாவது வாட்டி சொல்ல மனசு வரல ரேகா. போயி வலி சரியாப் பூட்டா அப்பறம் அவன் வரமாட்டானே."

சொன்ன பிறகு அவளுக்கே தன் குரல் அசிங்கமாகக் கேட்டது. ரேகா எழுந்து போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா, கோபமா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. தம்பியின் முதுகாக இருந்தால் ஜோதிலட்சுமி சொல்லியிருப்பாள்.

திரும்பி வந்தவள் பெஞ்சின் கோடிக்குப் போகவில்லை. நடுவில் உட்கார்ந்தாள்.

"நான் அன்னிக்கி அப்பிடிக் கேட்டது தப்புதான். எங்க சித்தி சிரிச்சிட்டா, எனக்கு மானம் போச்சி. மறுநாளே வந்து கூப்புட்டிருக்கணும். நீங்க வருவீங்கன்னு நானும், நான் வருவேன்னு நீங்களும் இருந்துட்டோம்."

"ம்."

"அப்பிடி இன்னாதான் பேசுவாரு ஒங்ககிட்ட? எங்கிட்ட சோறு எடுத்துவை, தண்ணி குடு, அவ்ளதான்."

"முக்கால்வாசி ஒன்னப் பத்திதான்."

ரேகா நம்பாமல் பார்த்தாள்.

"நெசமா. ஒன்னிய மொதல்ல பாத்துட்டு வந்தப்பவும் எங்கிட்டதான் சொன்னான். அப்பா அப்ப அய்யம்பேட்டைல பொண்ணு பேசி வெச்சிருந்தாரு. இவன் வந்து குப்புறப் படுத்துனு, யக்கா, அன்னங்கோயில்ல ஒரு பொண்ணு, நண்டுக்கூடைய இடுப்புல வெச்சிக்கினு ஏலக்காரன எதுத்துப் பேசிச்சி, அந்தப் பொண்ணுதான் வேணும்னான். பேரு இன்னாடான்னு கேட்டேன். ரேகான்னான். நான் நல்லா ஒரு அழுத்து அழுத்தினேன். அழுத்தினாலும் அதே பேருதான் யக்கான்னான்."

ரேகாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "அந்த ஏலக்காரன் எடை ஏமாத்திட்டான். அதுக்குத்தான் சண்ட போட்டேன்" என்றாள், நேற்று நடந்ததுபோல.

"அப்பாகிட்ட நான் ஒரு மாசம் மல்லுக்கு நின்னேன். அதுக்கப்பறம்தான் ஒங்க வூட்டுக்குத் தட்டு எடுத்துனு வந்தோம்."

"எனக்கு யாரும் சொல்லவே இல்லியே."

"ஒன் புருசன் நின்னுக்கினு பேசற ஆளா?"

இரண்டு பேரும் கொஞ்சநேரம் பழைய கதையில் இருந்தார்கள். தட்டு மாற்றின அன்றைக்கு மழை கொட்டி, பந்தல் சரிந்து, சாம்பார் அண்டாவில் தண்ணீர் விழுந்தது. ரேகாவின் மகள் பூஜா பிறந்தபோது அவளும் கால் முன்னே வந்துவிடுவாளோ என்று மருத்துவச்சி கதிகலங்கியது. அந்தப் பூஜா இப்போது சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பேசப் பேச, சண்டை போட்ட வருடங்களைத் தாண்டி அதற்கு முந்தின வருடங்களுக்குப் போய்விட முடிகிறதே என்று ஜோதிலட்சுமிக்கு ஆச்சரியமாக இருந்தது. சமாதானத்துக்கு முதலில் இறங்கி வந்தவள் நாமாக இருந்திருக்கக் கூடாதா என்றும் இருந்தது.

ரேகாவின் மடியில் இருந்த செல்போன் அடித்தது. பூஜாதான். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்டாளாம். ரேகா கேட்டுக்கொண்டே வந்தவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"கூட ஒருத்தர் வர்றாரா? யாரு? ஆபீஸ்ல கூட வேல பாக்கறவரா? அவரு எதுக்கும்மா..."

அந்தப் பக்கம் பதில் சொன்னாளோ, வைத்துவிட்டாளோ. ரேகா போனையே கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு பக்கத்தில் திரும்பினாள்.

"இதப் பத்தி எதுனா சொன்னாரா ஒங்ககிட்ட?"

சொல்லியிருந்தான். மூன்று வாரம் முந்திச் சொன்னான். பையனின் பெயர், ஊர், என்ன மதம் என்பது வரைக்கும் சொன்னான். "ரேகாகிட்ட நான் எப்பிடிச் சொல்லுவேன் யக்கா" என்று தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். இன்றைக்கு ஒன்றை உடைத்தாயிற்று. இதையும் உடைப்பதா? அதைச் சொல்ல வேண்டியவன் உள்ளே மயக்கத்தில் கிடக்கிறான்.

அவள் வாய் திறப்பதற்குள் தியேட்டர் கதவு திறந்தது.

"மணிவண்ணன் கூட வந்தவங்க?"

"நான்" என்றார்கள் இரண்டு பேரும்.

டாக்டர் விஜயகுமாரே வந்திருந்தார். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தே நல்லதா கெட்டதா என்று படித்துவிட இரண்டு பெண்களும் துடித்தார்கள்.

"நல்லா இருக்கார். திறக்க வேண்டிய அவசியம் வரல. ஓட்டை வழியாவே கட்டி முக்கால்வாசி பிரிஞ்சு வந்துடுச்சு. தண்டுவடத்துக்குள்ளயும் இறங்கல. பார்த்தா சாதுவான கட்டி மாதிரிதான் இருக்கு. லேப்ல பார்த்துட்டுத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

ரேகா கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஒரு விஷயம் உங்களைக் கேக்கணும். கட்டி எந்த நரம்புல வளர்ந்துச்சோ, அந்த நரம்பு அதுக்கு நடுவுலயே ஓடுது. உரிச்சு எடுக்கப் பார்த்தோம், வரல. நரம்போட சேர்த்து வெட்டிட்டா சுத்தமா முடிஞ்சுடும். ஆனா முதுகுலேர்ந்து முன்பக்கம் வரைக்கும், ஒரு பட்டை மாதிரி, அந்த இடம் மரத்துப்போயிடும். தொட்டாலும் அழுத்தினாலும் தெரியாது. எப்பவுமே. மத்தபடி கை கால் எதுக்கும் ஒண்ணும் ஆகாது, வலையும் இழுக்கலாம், கடலுக்கும் போகலாம். இல்ல, நரம்பைக் காப்பாத்தணும்னா கட்டியில கொஞ்சம் விட்டு வைக்கணும். அது மறுபடியும் வளரலாம்."

ரேகா டாக்டரைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க அண்ணி."

"எந்த எடம் சார் மரத்துப்போவும்?" ஜோதிலட்சுமி கேட்டாள்.

டாக்டர் திரும்பி நின்று, தன் முதுகில், இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே கையை மடக்கி வைத்துக் காட்டினார்.

அந்த இடம் அவளுக்குத் தெரியும். இடுப்பிலிருந்து கால் ஏறிக்கொண்டே போகும். அதுவரைக்கும் மணிவண்ணன் ஊம் கொட்டிக்கொண்டு கிடப்பான். அந்த இடத்தில் குதிகால் வந்து நின்றதும் ஒரு நீள மூச்சு விடுவான். அப்புறம்தான், "யக்கா, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பிப்பான். மீசை முளைக்காத பையனாக இருந்தபோதும் அங்கேதான். ரேகாவின் பெயரைச் சொன்னதும் அங்கேதான். அந்த இடம் வரைக்கும் போகாமல் நின்றுவிட்டால், "இன்னும் கொஞ்சம் மேல யக்கா" என்று கேட்பான்.

டாக்டர் உள்ளே போக வேண்டிய அவசரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"வெட்டிடுங்க சார்" என்றாள் ஜோதிலட்சுமி. "கொஞ்சங்கூட மிச்சம் வெக்காதீங்க."

கதவு மூடிக்கொண்டது. ரேகா அவள் கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தாள். 

"மரத்துப்போனா இன்னா அண்ணி? இத்தினி வருசமா வலிச்ச எடந்தான? இனிமே ஒண்ணும் தெரியாது. நல்லதுதான?"

"நல்லதுதான் ரேகா" என்றாள் ஜோதிலட்சுமி.